கடலூர், புதுச்சேரிக் கடற்கரைப் போர்களும் ஆயுதத் தொழில்நுட்பமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேவனாம்பட்டினத்தையும் புதுச்சேரியின் பழைய கோட்டைப் பகுதியையும் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள், கல்லூரி மாணவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களின் தொகுப்பு இது. கேட்டவர்களின் பேச்சையே கேள்வியாக வைத்திருக்கிறோம். 18-ஆம் நூற்றாண்டுதான் இதில் அதிகம் வரும். ஐரோப்பாவில் உருவான புதுப் புது ஆயுதங்கள் இந்த மணலிலும் மழையிலும் எங்கே வேலை செய்தன, எங்கே கைவிட்டன என்பதை அந்த நூறு ஆண்டுகள் மிகத் தெளிவாகக் காட்டுகின்றன.

குண்டு சாலை, குண்டு உப்பலவாடின்னு பேர் வந்தது நிஜமாவே பீரங்கிக் குண்டாலதானா?

ஆமாம். செஞ்சியிலிருந்து ஆண்ட மராட்டிய மன்னர் ராஜாராமிடமிருந்து 1690-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு ஒப்பந்தம் சொன்ன அளவு, பீரங்கி சுட்டால் குண்டு போய் விழும் தூரம். சென்னையிலிருந்து நல்ல பித்தளைப் பீரங்கி ஒன்று வந்தது. கோட்டையிலிருந்து சுற்றிலும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் வந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர். கடலூர்ப் பட்டினமும் அந்த எல்லைக்குள் வந்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. குண்டு விழும் தூரம் என்பது நிலையான அளவு இல்லை. பீரங்கியை மட்டமாக வைத்துச் சுட்டால் குண்டு சில நூறு மீட்டரில் தரையைத் தொடும். வாயைத் தூக்கி வைத்து, நல்ல மருந்து போட்டுச் சுட்டால் இரண்டு கிலோமீட்டரையும் தாண்டும். சுடுகிறவர் கைத்திறனில்தான் எல்லாம் இருக்கிறது என்று சென்னையிலிருந்து வந்த கடிதமே சொன்னது. நிலத்தை அளக்கும் கோலை வாங்குகிறவர் கையிலேயே கொடுத்த விற்பனை இது.

தேவனாம்பட்டினம் கோட்டைன்னு சொல்றாங்க, போய்ப் பார்த்தா ஒண்ணுமே இல்லையே. கோட்டை எங்க போச்சு?

பிரெஞ்சுக்காரர்கள் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். புனித டேவிட் கோட்டை என்று ஆங்கிலேயர் பெயரிட்ட இந்த இடம் சாதாரணமானதல்ல. 1746 செப்டம்பரில் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன பிறகு, 1752 வரை தென்னிந்தியாவில் கம்பெனிக்குத் தலைமையிடம் இதுதான். 1758 ஏப்ரல் கடைசியில் புதுச்சேரியில் வந்திறங்கிய பிரெஞ்சுத் தளபதி லாலி, ஓய்வுகூட எடுக்காமல் நேரே கடலூருக்குப் படையை நடத்தினார். ஜூன் 2-ஆம் தேதி கோட்டை சரணடைந்தது. மறுபடி ஆங்கிலேயருக்குப் பயன்படக் கூடாது என்று மதில்களை இடித்தார்கள். கெடிலம் ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் மிச்சமிருக்கும் செங்கல் சிதைவுகள்தான் இன்று நாம் பார்ப்பவை.

லாலி வென்ற விதத்துக்கு ஒரு விலை இருந்தது. பீரங்கியும் குண்டும் இழுக்கக் காளைகளை முன்கூட்டியே சேர்க்கவில்லை. அதனால் புதுச்சேரி ஜனங்களைச் சாதி வித்தியாசம் பார்க்காமல் பிடித்துச் சுமை தூக்க வைத்தார். கோட்டை கிடைத்தது, ஊர் மனசு போனது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் பணமும் காளையும் அரிசியும் தேவைப்பட்டபோது அவருக்கு மனமுவந்து உதவ ஆள் இல்லை.

ஒரு பீரங்கியைச் சுட எத்தனை பேர் வேணும்? எவ்வளவு நேரம் பிடிக்கும்?

கோட்டை மதிலை உடைக்கப் பயன்பட்ட 24 பவுண்டுப் பீரங்கியை எடுத்துக்கொள்வோம். 24 பவுண்டு என்பது குண்டின் எடை, ஏறக்குறைய 11 கிலோ. குழாய் மட்டும் சுமார் இரண்டரை டன். ஒரு முறை சுட ஏறக்குறைய 8 பவுண்டு, அதாவது மூன்றரைக் கிலோவுக்கு மேல் வெடிமருந்து. பத்துப் பேர் போல நின்று வேலை பார்ப்பார்கள்.

சுட்டு முடித்ததும் முதல் வேலை, புரிமுனை வைத்த கோலை உள்ளே விட்டு எரிந்த துணித் துண்டுகளை இழுத்தெடுப்பது. அடுத்து ஈரத் துடைப்புக் கோல். இதைச் செய்யும்போது இன்னொருவர் பீரங்கியின் பின்பக்கத் திரித்துளையைத் தோல் சுற்றிய கட்டை விரலால் அழுத்தி மூடிக்கொண்டு இருக்க வேண்டும். காற்று புகுந்தால் உள்ளே கிடக்கும் கங்கு மறுபடி உயிர் பெறும். அப்புறம் துணிப்பையில் கட்டிய மருந்து, அதை இடிக்கும் கோல், அடைப்பு, குண்டு, மறுபடி அடைப்பு. திரித்துளை வழியாக ஊசி இறக்கிப் பையைக் குத்தி, துளையில் பொடி மருந்து தூவி, எரியும் திரியை வைப்பார்கள். வெடித்ததும் பீரங்கி பல அடி பின்னால் ஓடும். எல்லோரும் சேர்ந்து அதை முன்னால் தள்ளி, மறுபடி குறி பார்க்க வேண்டும். முற்றுகையில் மணிக்குப் பத்து, பன்னிரண்டு தடவை சுட்டாலே நல்ல வேலை.

ஈரத் துடைப்பை அவசரத்தில் விட்டால், அடுத்த பையை இடிக்கும்போதே வெடித்து இடிக்கிறவர் கை போகும். ஓய்வே கொடுக்காமல் சுட்டால் பித்தளைக் குழாய் இளகித் திரித்துளை அகலமாகும், மருந்தின் சக்தி அதன் வழியே வீணாகும். வார்ப்பிரும்புக் குழாய் முன்னறிவிப்பு இல்லாமல் பிளந்துவிடும். குண்டுக்கும் குழாய்ச் சுவருக்கும் நடுவே கால் அங்குலம் போல இடைவெளி விட்டுத்தான் செய்தார்கள், இல்லையென்றால் கரி படிந்ததும் குண்டு சிக்கிக்கொள்ளும். அந்த இடைவெளியால்தான் குண்டு உள்ளே தட்டித் தட்டி வெளியே வந்து, நினைத்த இடத்துக்கு அப்பால் போய் விழுந்தது.

நாயக்கர் காலத்துலயே, நவாப் காலத்துலயே துப்பாக்கி இருந்துச்சே. அப்புறம் எப்படி ஆயிரம் பேர்கிட்ட பத்தாயிரம் பேர் தோத்தாங்க?

நீங்கள் கேட்பது 1746 அக்டோபரில் அடையாற்றங்கரையில் நடந்த சண்டை. ஆற்காட்டு நவாபின் மகன் மாபூஸ் கானின் படை சுமார் பத்தாயிரம். எதிரே பரதி என்ற பிரெஞ்சுத் தளபதியின் கீழ் ஆயிரம் பேர் போல. புதுச்சேரிப் படை ஆற்றை இறங்கிக் கடந்து, சரமாரியாகச் சுட்டு, துப்பாக்கி முனை ஈட்டியோடு ஓடி வந்ததும் நவாப் படை கலைந்தது.

துப்பாக்கி இருந்ததா என்பது இங்கே பெரிய விஷயமே இல்லை. எந்தத் துப்பாக்கி, யார் பயிற்சி கொடுத்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும். பழைய திரித் துப்பாக்கிக்கு எரியும் கயிறு வேண்டும். கையில் நெருப்பு, இடுப்பில் மருந்து. ஆளுக்கு ஆள் நெருங்கி நிற்கவே முடியாது. மழை வந்தால் திரி அணைந்துவிடும். சக்கிமுக்கிக் கல் வைத்த துப்பாக்கியில் திரி இல்லை. வீரர்கள் தோளோடு தோள் ஒட்டி மூன்று வரிசையாக நிற்கலாம். மருந்தும் குண்டும் சேர்த்துக் காகிதத்தில் சுருட்டிய தோட்டா வந்த பிறகு, பழகிய ஆள் நிமிடத்துக்கு இரண்டு, மூன்று தடவை சுட்டார். குழாயின் வெளிப்பக்கம் மாட்டும் ஈட்டி முனை வந்ததால், மருந்து தீர்ந்தாலும் துப்பாக்கியே வேலாகிவிட்டது.

இவற்றில் ஒன்றுகூட ரகசியம் கிடையாது. கடையில் வாங்கக் கூடிய பொருள்கள்தான். வாங்க முடியாதது ஒரே தாளத்தில் அசையும் பழக்கம். அதற்குத் தினசரிப் பயிற்சி வேண்டும், மாதச் சம்பளம் தவறாமல் போக வேண்டும். இதே நவாப் படைகளில் சம்பள பாக்கி மாதக் கணக்கில் நின்றது. நூறு மீட்டருக்கு அப்பால் அந்தத் துப்பாக்கியால் தனி ஆளைக் குறி வைத்து அடிக்கவே முடியாது. கூட்டமாகச் சுட்டால்தான் அது ஆயுதம்.

அந்த ஆயிரம் பேரும் வெள்ளைக்காரங்கதானே?

இல்லை. பெரும்பகுதி சிப்பாய்கள், இந்த நாட்டு ஆட்களே. பிரெஞ்சுக்காரர்கள்தான் முதலில் இப்படிப் பயிற்சி கொடுத்துப் படை திரட்டினார்கள், கம்பெனி அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. சில ஆண்டுகளில் கம்பெனியின் சிப்பாய்களுக்கே தலைவரான யூசுப் கான், நாம் மருதநாயகம் என்று அறிந்தவர், 1764-இல் அதே கம்பெனிக்கு எதிராக மதுரையில் நின்று தூக்கிலிடப்பட்டார். பயிற்சி எந்தப் பக்கமும் போகும் என்பதைக் கம்பெனி அப்போதே புரிந்துகொண்டது.

வெடிமருந்தை இங்கேயே செஞ்சாங்களா, கப்பல்ல வந்துச்சா?

இரண்டும் நடந்தது. நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். இதில் வெடியுப்புக்கு உலகத்திலேயே பெரிய ஊற்று பீகார்தான். பாட்னாவிலிருந்து கங்கை வழியாகக் கப்பலேறி ஐரோப்பா வரை போனது. வங்காளம் கம்பெனி கைக்கு வந்த பிறகு அந்த ஊற்றும் அவர்களிடமே சிக்கியது, பிரெஞ்சுக்காரர்களுக்கு வெடியுப்பு பெரிய தலைவலியானது.

கலவையை ஈரப்படுத்தி அரைத்து, குருணையாக உடைத்து, சலித்துக் காய வைக்க வேண்டும். மாவாகவே விட்டால் வண்டிக் குலுங்கலில் மூன்றும் தனித்தனியாகப் பிரியும், எரிவதும் சீராக இருக்காது. சுத்தம் செய்யாத வெடியுப்பில் சாதாரண உப்பு கலந்திருக்கும். அது ஐப்பசிக் காற்றில் ஈரத்தை இழுத்து மருந்தைக் கட்டியாக்கிவிடும். அதனால்தான் மருந்துக் கிடங்கைத் தடித்த சுவர், காற்றோட்டத் துளை, தரையிலிருந்து உயர்த்திய மரத் தளம் என்று கட்டினார்கள். உள்ளே இரும்புச் சாமானுக்கு இடமில்லை. பீப்பாய் வளையம்கூடச் செம்பு அல்லது மரம், காலில் செருப்பு கிடையாது.

தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அரியாங்குப்பமே சாட்சி. 1748 ஆகஸ்டில் ஆங்கிலேயர் அந்தச் சிறு கோட்டையைத் தாக்கி முதலில் அடி வாங்கினார்கள். பிறகு உள்ளே மருந்துக் கிடங்கு வெடித்ததில் பிரெஞ்சுப் பக்கம் பலர் செத்தும் காயம்பட்டும் போக, மிச்சம் இருந்தவர்கள் கோட்டையைத் தாங்களே தகர்த்துவிட்டுப் புதுச்சேரிக்குத் திரும்பினார்கள்.

கோட்டையை ஏன் நட்சத்திரம் மாதிரிக் கட்டினாங்க? நேரா, உசரமா மதில் எழுப்பினா நல்லா இருக்காதா?

செஞ்சிக் கோட்டையைப் பாருங்கள். மலை, உயர மதில், ஏணி வைத்து ஏறுகிறவனைத் தடுக்க அதைவிட நல்ல அமைப்பு இல்லை. ஆனால் சமதரையில் உயரமான கல் மதில், 24 பவுண்டுப் பீரங்கிக்குப் பெரிய இலக்கு. அடியில் தொடர்ந்து அடித்தால் மேல்பகுதி தானே சரிந்து, அகழியை நிரப்பி, எதிரிக்குப் படிக்கட்டு போட்டுக் கொடுக்கும்.

பிரெஞ்சுப் பொறியாளர் வோபான் வகுத்த முறையில் மதில் தாழ்வு, பருமன் அதிகம். செங்கல் முகப்புக்குப் பின்னால் மண் நிரப்பு, குண்டை விழுங்குவது அந்த மண்தான். வெளியே சரிவாக மண் மேடு, அதனால் தூரத்திலிருந்து மதிலின் அடி கண்ணுக்குத் தெரியாது. மூலைகளில் அம்பு முனை போல நீட்டிக்கொண்டிருக்கும் கொத்தளங்கள். ஒரு கொத்தளத்தில் நிற்பவர் பக்கத்து மதில் ஓரம் முழுவதையும் பக்கவாட்டில் சுடலாம், மதிலடியில் எதிரி ஒண்ட ஒரு இடம்கூட இல்லை. நட்சத்திர வடிவம் அழகுக்காக வந்ததல்ல, இந்தக் கணக்கில் வந்தது.

பிரான்சுவா மார்த்தேன் காலத்தில் 1706-இல் முடிந்த புதுச்சேரியின் லூயி கோட்டை இப்படி ஐந்து மூலை கொண்டது. இப்போது பாரதி பூங்கா இருக்கும் பகுதியில் நின்றது. அது போய்விட்டாலும் ஊரைச் சுற்றி இருந்த மதிலின் தடம் போகவில்லை. அண்ணா சாலை, சர்தார் வல்லபாய் படேல் சாலை, சுப்பையா சாலை என்று பழைய நகரை நீள்வட்டமாகச் சுற்றும் புல்வார்கள் (அகலமான சாலைகள்) அந்த மதில் வரிசையில்தான் ஓடுகின்றன. வரைபடத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள், தெளிவாகத் தெரியும்.

1748-ல இங்கிலீஷ்காரங்க அவ்ளோ பெரிய கப்பல் படையோட வந்தும் புதுச்சேரியைப் பிடிக்க முடியலையே, ஏன்?

முற்றுகை என்பது மண்வெட்டி வேலை. மதிலுக்கு இணையாக ஒரு பதுங்கு குழி, அங்கிருந்து வளைந்து வளைந்து முன்னேறி இன்னொன்று, கடைசியில் மதிலுக்கு அருகே பீரங்கி மேடை. முதல் குழி மதிலிலிருந்து 800 கஜம் போலத் தொடங்குவது வழக்கம். அட்மிரல் போஸ்காவனின் பொறியாளர்கள் 1,500 கஜத்தில் தொடங்கினார்கள். இடமும் வடமேற்குச் சதுப்புப் பக்கம். அவ்வளவு தூரம் தோண்டி நெருங்குவதற்குள் சதுப்பு வழி மறித்தது. மேடை கட்டித் தொலைவிலிருந்து சுட்டால், மேலே சொன்ன அந்த இடைவெளிக் குறையால் குண்டு ஒரே இடத்தில் விழாது. ஒரே இடத்தில் விழாவிட்டால் மதில் உடையாது.

கப்பல் பீரங்கிகளும் உதவவில்லை. கரையோரம் ஆழம் குறைவு, பெரிய கப்பல் நெருங்கினால் தரை தட்டும். இதற்கிடையே அக்டோபர் மழை. குழியில் தண்ணீர், பாளையத்தில் காய்ச்சல், வயிற்றுக்கடுப்பு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஐரோப்பியர்களைப் பறிகொடுத்துவிட்டு போஸ்காவன் முற்றுகையைக் கலைத்தார். அடையாற்றில் வென்ற பரதி இந்த முற்றுகையில் காயம்பட்டு இறந்தார். புதுச்சேரி கவர்னர் டூப்ளேயின் துபாஷி (மொழிபெயர்ப்பாளர்) ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிவந்த நாட்குறிப்பு அன்றைய புதுச்சேரியை உள்ளிருந்து காட்டுகிறது. முற்றுகை என்றால் தளபதிகள் மட்டும் அல்ல, வீட்டைப் பூட்டிவிட்டு ஓடும் குடும்பங்களும் விலை ஏறும் அரிசியும்தான் என்று புரிந்துகொள்ள அதைவிட நல்ல சாட்சி நமக்கு இல்லை.

அப்ப 1761-ல மட்டும் மதிலை உடைச்சு உள்ள வந்துட்டாங்களா?

மதில் உடைந்து ஊர் விழவில்லை. பசிதான் விழ வைத்தது. 1760 ஜனவரியில் வந்தவாசியில் லாலியைத் தோற்கடித்த ஆங்கிலத் தளபதி அயர் கூட், புதுச்சேரியைச் சுற்றியிருந்த ஊர்களை ஒவ்வொன்றாகப் பிடித்தார். புதுச்சேரிக்கு வெளிவட்டப் பாதுகாப்பாக மைல் கணக்கில் வளர்த்த முள்வேலி இருந்தது. கற்றாழை, கள்ளி, பனை அடர்ந்த அந்த வேலியைக் குதிரையும் தாண்டாது, குண்டும் பெரிதாகக் கிழிக்காது. வெட்டி வழி செய்ய நாளாகும், அதற்குள் உள்ளிருப்பவர் சுடலாம். இந்த நாட்டு அறிவில் பிறந்த நல்ல பாதுகாப்பு அது. ஆனால் வேலிக்குள் விளைச்சல் நிலமும் மாடும் இருக்கும்வரைதான் அதற்கு மதிப்பு. 1760 செப்டம்பரில் வேலி ஆங்கிலேயர் கைக்குப் போனது. கடல் வழியைக் கப்பல்கள் அடைத்தன.

உணவு தீர்ந்ததும் லாலி ஊர் ஜனங்களை வெளியே துரத்தினார். கூட் அவர்களை விடவில்லை, திரும்பப் போ என்றார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நம் ஜனங்கள், பெண்கள் குழந்தைகள் உட்பட, இரண்டு துப்பாக்கி வரிசைக்கும் நடுவே நாள் கணக்கில் புல்லின் வேரைத் தின்று கிடந்தார்கள். கடைசியில்தான் வழி விட்டார்கள். இந்தப் போர்களைப் பற்றிப் பேசும்போது கவர்னர்களின் பெயரோடு இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1761 ஜனவரி 1-ஆம் தேதி அடித்த புயலில் ஆங்கிலக் கப்பல்கள் பல உடைந்தன, சில ஆளோடு மூழ்கின. அந்த ஒரு வாரத்தில் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று அரிசியோடு வந்திருந்தால் கதை மாறியிருக்கும். வரவில்லை. எஞ்சிய ஆங்கிலக் கப்பல்கள் மறுபடி வந்து நின்றன. ஜனவரி 16-இல் ஊர் சரணடைந்தது. தேவனாம்பட்டினத்துக்குப் பதிலடியாகக் கோட்டையையும் மதிலையும் மாளிகைகளையும் தரைமட்டமாக்கினார்கள்.

புதுச்சேரி மொத்தம் எத்தனை தடவை கை மாறிச்சு?

1693-இல் டச்சுக்காரர் பிடித்து 1699-இல் திருப்பிக் கொடுத்தார்கள். ஆங்கிலேயர் 1761, 1778, 1793 என மூன்று முற்றுகைகளில் பிடித்தார்கள். ஒவ்வொரு முறையும் ஐரோப்பாவில் கையெழுத்தான உடன்படிக்கையால் ஊர் திரும்பியது. கடைசியாகத் திரும்பியது 1816-இல்.

துறைமுகமே இல்லாத கரையில இரண்டரை டன் பீரங்கியை எப்படி இறக்கினாங்க?

கப்பல் கரையிலிருந்து தள்ளி, திறந்த கடலில் நங்கூரம் போடும். அங்கிருந்து ஆளும் சரக்கும் சலங்கில்தான் வரும். சலங்கு என்பது பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்த அகலமான படகு, ஆணியே கிடையாது. அலை மடிந்து உடையும் இடத்தில் ஐரோப்பியரின் ஆணி அடித்த படகு தரையில் மோதியதும் பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். கடிதமும் சிறு சரக்கும் கட்டுமரத்தில் போகும். பெரிய சுமைக்குப் படகுகளையோ கட்டைகளையோ சேர்த்துக் கட்டித் தெப்பமாக்குவார்கள். கரை சேர்ந்ததும் மணலில் பலகை பரப்பி, கயிறு கட்டி இழுத்து, பிறகு பல ஜோடிக் காளைகள்.

எத்தனை பெரிய கப்பற்படை வந்தாலும் கடைசி ஒரு மைல் நம் மீனவர் கையில்தான் இருந்தது. அவர்கள் படகை எடுத்துக்கொண்டு போய்விட்டால் குண்டும் அரிசியும் கப்பலிலேயே கிடக்கும். அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவக்காற்று கிளம்பும் முன் கப்பல்கள் திருகோணமலைக்கோ பம்பாய்க்கோ ஓட வேண்டும். கடற்படை ஓடினால் தரைப்படைக்குக் கடல் வழியே சாமான் வராது. இந்தக் கரையின் போர்களுக்கு நாள் குறித்தது காற்றுதான்.

பிரெஞ்சு 24 பவுண்டும் இங்கிலீஷ் 24 பவுண்டும் ஒண்ணா? குண்டை மாத்திப் போடலாமா?

ஒன்று இல்லை. அன்றைய பிரெஞ்சுப் பவுண்டு ஏறக்குறைய 489 கிராம், ஆங்கிலப் பவுண்டு 454 கிராம். பிரெஞ்சு 36 பவுண்டுக் குண்டு ஆங்கிலக் கணக்கில் 39 பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. இரு படைகளின் பலத்தை எண்ணை மட்டும் பார்த்து ஒப்பிடுகிறவர்கள் இதில் தவறுகிறார்கள். வீரர்களின் துப்பாக்கியிலும் இதே சிக்கல். ஆங்கிலக் குழாயின் உள்விட்டம் சுமார் 19 மில்லிமீட்டர், பிரெஞ்சுக் குழாய் சுமார் 17.5. பிரெஞ்சுக் குண்டு ஆங்கிலக் குழாயில் தளர்வாகப் போகும், சுட்டால் குறி தப்பும். ஆங்கிலக் குண்டு பிரெஞ்சுக் குழாயில் நுழையவே நுழையாது.

ஐதர், திப்பு ராக்கெட் எவ்வளவு தூரம் போகும்? அதை வெச்சே வெள்ளைக்காரனை விரட்டியிருக்கலாமே?

மைசூர் ராக்கெட்டின் சிறப்பு அதன் இரும்புக் குழாய். காகிதம் அல்லது மூங்கில் குழாயில் மருந்தை இறுக்கி அடைத்தால் குழாயே வெடித்துவிடும். இரும்பு அதிக அழுத்தத்தைத் தாங்கும், அதனால் உந்துவிசை அதிகம், தூரமும் அதிகம். ஒரு கிலோமீட்டரைத் தாண்டிப் போயிற்று. நிலைகுலையாமல் பறக்க நீண்ட மூங்கிலையோ வாளையோ கட்டினார்கள். இரண்டரை டன் குழாயும் காளையும் தேவையில்லை, ஒரு ஆள் தூக்கிக்கொண்டு ஓடலாம்.

பலவீனம் குறி. அடைத்த மருந்தில் சிறு விரிசல் இருந்தாலும் எரிவது சீராக இராது, காற்று அடித்தாலும் திசை திரும்பும். குதிரைப் படையையும் வண்டிக் காளைகளையும் மிரள வைக்க அற்புதம், மதிலை உடைக்க உதவாது. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் ஆங்கிலத் தளபதி பெய்லியின் படை அழிந்தபோது அதன் மருந்து வண்டிகள் வெடித்தது பெரிய திருப்பம். ஆனால் அடுத்த ஆண்டு ஜூலை 1-இல் பரங்கிப்பேட்டையில், மிகச் சிறிய படையோடு இருந்த கூட், ஐதரைப் பின்வாங்க வைத்தார். கரையோரக் கப்பல்களிலிருந்து அவருக்கு அரிசி வந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சீரங்கப்பட்டணத்திலிருந்து இங்கிலாந்துக்குப் போன ராக்கெட்டுகளைப் பார்த்துத்தான் ஆங்கிலேயரான காங்கிரீவ் தன் ராக்கெட்டை உருவாக்கினார். 1807-இல் கோபன்ஹேகனைக் கொளுத்த அதுவும் பயன்பட்டது.

1783 கடலூர் கடல் சண்டைல கப்பல் கம்மியா இருந்தும் சுஃப்ரேன் எப்படி ஜெயிச்சாரு?

பிரெஞ்சுக் கடற்படைத் தளபதியான அவரிடம் 15 போர்க்கப்பல், ஆங்கிலத் தளபதி ஹியூஸிடம் 18. ஜூன் 20-ஆம் தேதி இரு பக்கமும் ஒரு கப்பல்கூட மூழ்கவில்லை. ஆனால் சண்டை முடிந்ததும் ஹியூஸ் சென்னைக்குப் போய்விட்டார். கடலூரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியை முற்றுகையிட்டிருந்த ஆங்கில ஜெனரல் ஸ்டூவர்ட்டுக்குக் கடல் வழி அறுந்தது. வெற்றி என்று சொல்வது அதைத்தான்.

ஹியூஸ் போனதற்குக் குண்டை விடப் பெரிய காரணம், குடிநீர்த் தட்டுப்பாடும், மாலுமிகளுக்கு வந்த சொறிகரப்பான் (ஸ்கர்வி) நோயும். பல மாதம் காய்கறி பழம் இல்லாமல் ஈறு வீங்கி, பழைய காயம்கூடத் திறந்துகொள்ளும் நோய் அது. எலுமிச்சை அதைக் குணமாக்கும் என்று 1747-லேயே சோதித்துப் பார்த்திருந்தார்கள். ஆங்கிலக் கடற்படை அதைக் கட்டாயமாக்கியது 1795-இல்தான். இத்தனைக்கும் எதிரே கரையில் எலுமிச்சை விளைகிறது.

இன்னொரு விஷயம் செம்புத் தகடு. நம் கடல் வெதுவெதுப்பானது. மரத்தைத் துளைக்கும் புழு அடிப்பலகையைச் சல்லடையாக்கும், பாசியும் சிப்பியும் ஒட்டி வேகம் குறையும். 1779-க்குப் பிறகு ஆங்கிலேயர் கப்பலின் அடியில் செம்புத் தகடு போர்த்தத் தொடங்கினார்கள். சுஃப்ரேனின் கப்பல்களில் சிலவற்றுக்குத்தான் அது இருந்தது. வேகமான கப்பல் முன்னால் ஓட, மெதுவானது பின்தங்க, அணி பிரிந்துபோகும். செம்பிலும் ஒரு ஆபத்து உண்டு. செம்பும் இரும்பு ஆணியும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் இரும்பு வேகமாக அரிக்கும், வெளியே பளபளக்கும் கப்பல் உள்ளே ஆணி தேய்ந்து கழன்றுகொண்டிருக்கும். செம்புக் கலவை ஆணிகள் வந்த பிறகே அது தீர்ந்தது.

சமாதானம் ஆன அப்புறம்தான் கடலூர்ல சண்டை போட்டாங்கன்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம். பிரிட்டனும் பிரான்சும் 1783 ஜனவரி 20-இல் சமாதானத்துக்கு முதல் கையெழுத்துப் போட்டுவிட்டன. செய்தி ஐரோப்பாவிலிருந்து இங்கே வந்து சேர மாதக் கணக்கில் ஆகும். ஜூன் 13-இல் ஸ்டூவர்ட் கடலூரின் வெளி அரண்களைத் தாக்கினார், இரு பக்கமும் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். மேலே சொன்ன கடல் சண்டை ஜூன் 20. சமாதானச் செய்தி வந்து சேர்ந்தது ஜூன் முடியும்போது. அந்த நீண்ட இடைவெளி நீராவிக் கப்பல் வந்ததும் குறைந்தது, தந்திக் கம்பி இந்தியாவுக்கு வந்த பிறகுதான் ஒழிந்தது.

கடற்கரைச் சாலையில இருக்கற போர் நினைவுச் சின்னம் எந்தப் போருக்கு? அந்தப் போர்ல பீரங்கி எப்படி மாறியிருந்துச்சு?

முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர்விட்ட பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக எழுப்பியது. ஒவ்வொரு தடவையும் பின்னால் ஓடிய பீரங்கியைத் தள்ளி வந்து குறி பார்த்ததை முன்னே சொன்னோம். பிரான்சின் 1897-ஆம் ஆண்டு 75 மில்லிமீட்டர் பீரங்கியில் குழாய் மட்டும் பின்னால் போகும். எண்ணெயும் அழுத்தக் காற்றும் அடைத்த உருளை அதைத் தாங்கி, பழைய இடத்துக்கே கொண்டுவரும். சக்கரம் அசையாது, குறி மாறாது. மணிக்குப் பன்னிரண்டு என்றிருந்தது நிமிடத்துக்குப் பதினைந்தானது. அதோடு எந்திரத் துப்பாக்கியும் முள்கம்பியும் சேர்ந்ததும், அடையாற்றில் வென்ற அந்தத் தோளோடு தோள் வரிசை தற்கொலைக்குச் சமமானது. வீரர்கள் வெட்டவெளியை விட்டுக் குழிக்குள் இறங்கினார்கள்.

எம்டன் சென்னையைச் சுட்டப்போ செண்பகராமன் பிள்ளை அதுல இருந்தாரா?

இல்லை. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பலான எம்டனின் கேப்டன் முல்லர் சென்னைத் துறைமுகத்தைச் சுட்டு எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தினார். அந்த இலையுதிர் காலத்தில் செண்பகராமன் சூரிச்சிலும் பெர்லினிலும் இந்திய விடுதலைக்கான குழு வேலையில் இருந்தார். அவருடைய பெருமைக்கு அந்தக் கப்பல் கதை தேவையே இல்லை.

எம்டனின் பலமும் பலவீனமும் நிலக்கரி. காற்றுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, ஆனால் பிடித்த கப்பல்களிலிருந்து கரி ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதை முடித்தது கம்பியில்லாத் தந்தி. நவம்பர் 9-இல் கோகோஸ் தீவின் தந்தி நிலையத்தை அழிக்க ஆள் இறக்கியபோது, அந்த நிலையம் அனுப்பிய செய்தி கேட்டு ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி சில மணி நேரத்தில் வந்துவிட்டது. எம்டனின் 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகளைவிட சிட்னியின் ஆறு அங்குலப் பீரங்கிகள் கனம். சண்டை அங்கேயே முடிந்தது.

கடற்கரையிலயோ கிணறு தோண்டும்போதோ பழைய குண்டு கிடைச்சா வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமா?

வேண்டாம். உருண்டையாக இருப்பதெல்லாம் கெட்டிக் குண்டு அல்ல. முற்றுகையில் வானில் எறிந்த வெடிகுண்டுகள் உள்ளே குடைந்து மருந்து நிரப்பியவை. பக்கத்தில் விரல் அளவுத் துளையோ, அதை அடைத்த மரக்கட்டையோ தெரிந்தால் தொடாதீர்கள். தட்டிப் பார்ப்பது, துளையிடுவது, பற்றவைப்பு வேலை செய்வது எதுவும் கூடாது. காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

துளை இல்லாத கெட்டிக் குண்டாகவே இருந்தாலும், மண்ணில் கிடைக்கும் பழம்பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். முதலில் கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொல்லலாம். கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் எழுதி, எடுப்பதற்கு முன்பே படம் பிடித்து வையுங்கள். எந்தப் பக்கத்து முற்றுகை மேடை எங்கே இருந்தது என்று ஊகிக்க அந்தக் குறிப்புதான் உதவும், குண்டு மட்டும் உதவாது.

கடலிலிருந்து வந்த இரும்பைத் துருவைச் சுரண்டி வெயிலில் காய வைக்கவே கூடாது. உள்ளே ஊறியிருக்கும் உப்பு காய்ந்து படிகமாகி, சில மாதத்தில் வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக உரிந்து போகும். துளை இல்லாத கெட்டிக் குண்டாக இருந்து, ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தால், அதிகாரிகள் வரும்வரை ஒரு பிளாஸ்டிக் வாளியில் நல்ல தண்ணீர் ஊற்றி, குண்டு முழுக மூழ்கும்படி வைத்து, வாளியை மூடி வையுங்கள்.